உள்ளே ஒரு ஆள் பாக்கி

"போகிறேன், போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். விருந்தாளிகளில் உண்டு, வாய்வுத் தொல்லையிலும் உண்டு. நான் சொல்லப்போகிறவர் அந்த ரகம் இல்லை. அவருக்கு உண்மையாகவே போக வேண்டியிருந்தது. கணவர் மஸ்கட்டில். பள்ளிக்கூடம் திறக்கிறது என்று மகளை முன்கூட்டியே அங்கே அனுப்பியாகிவிட்டது. விசா கையில் இருந்தது. வேலையை விடுகிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டியதுதான். அந்த ஒரு காரியம் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. சரியாகச் சொன்னால், அவர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். பெயரை இங்கே எழுதினால் உடனே போன் வரும், வந்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், ஆகவே எழுதவில்லை.

எங்கள் அலுவலகம் திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், தையல் மெஷின் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பழனி லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்கிற மென்பொருள் எங்களுடையது. சுற்றுவட்டாரத்துக் கல்யாண மண்டபங்கள் சிலவும் எங்களிடம் வாடிக்கை. ஏழெட்டுப் பேர் வேலை பார்த்தோம். ஏழு பேரே போதுமே என்று முதலாளிக்குத் தோன்றும்போதெல்லாம் அவர் கண் என் பக்கம் திரும்பும்.

அக்கா நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில்தான். கைப்பை தோளிலேயே தொங்கும். ஒரு கால் செருப்புக்குள் இருக்கும், இன்னொரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். எந்த நிமிடமும் எழுந்து எதையோ போய்ப் பார்க்கப்போகிறவரைப் போலிருப்பார். பார்க்கவும் போவார். எங்கள் நாற்காலிகளில் பஞ்சு பிதுங்கி வெளியே வந்த பிறகும் அவருடையது வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருந்தது. என் நாற்காலி அவ்வளவு சீக்கிரம் பிதுங்கியதற்கு நாற்காலி மட்டுமே காரணம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூடிய கதவைத் தட்டுவது நல்ல பழக்கம். அக்கா திறந்த கதவையும் தட்டுவார். ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கும் முன்பு வாசலில் நின்று, "உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று கேட்பார். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கேட்பார். ஒரு நாள் நான் கழிப்பறைக்குள் இருந்தேன். கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா."

"சரி."

செருப்புச் சத்தம் நகரவில்லை. செத்த நேரம் கழித்துக் குரல் வந்தது.

"யாரும் இல்லைன்னா பேசுறது யாருலே?"

"இது ரெக்கார்டிங்க்கா."

"அப்ப ரெக்கார்டிங்கு சீக்கிரம் வெளிய வரட்டும். எனக்கு அவசரம்."

இந்தத் தட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"எங்க வீட்டுல பெரியத்தா குடும்பம், சின்னத்தா குடும்பம், அப்புறம் நாங்க. அம்புட்டுப் பேருக்கும் ஒரே பாத்ரூம். அதுக்குத் தாழ்ப்பா கிடையாது. கேக்காம கதவைத் தள்ளுனா என்ன ஆகும்னு உனக்கு விளக்கணுமா?"

"தாழ்ப்பா இல்லாத வீடாக்கா? அதுவும் திண்டுக்கல்லுல?"

"இங்க செய்யிறதெல்லாம் வெளியூருக்கு விக்கிறதுக்குடா."

இப்போது அந்த ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழனியில் எந்த லாட்ஜுக்குள் நுழைந்தாலும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். அறைக்கு ஒரு கொக்கி, கொக்கியில் சாவி. "ரூம் இருக்கா?" என்று யாராவது கேட்டால் மேனேஜர் மூன்று மாடி ஏறிப் பார்த்துவிட்டு வர மாட்டார். தலையைத் திருப்பிப் பலகையைப் பார்ப்பார். எங்கள் மென்பொருளுக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் பெரிய கிடங்குக்குள் இறங்கித் தேடாமல், அடிக்கடி கேட்கப்படுகிற விவரத்தை மட்டும் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்வது. தொழிலில் இதற்குக் கேஷ் என்று பெயர். கல்லாப்பெட்டிக்குச் சம்பந்தமில்லாத கேஷ். நாங்கள் பலகை என்றே சொல்வோம். வெவ்வேறு வேலை பார்க்கிற பல சர்வர்கள், அத்தனைக்கும் பொதுவாக ஒரே பலகை. அதுதான் வசதி. வில்லங்கமும் அதுதான்.

முதலில் வருகிற சர்வர் பலகையை மாட்டும். பின்னால் வருகிறவை அதையே பார்த்துக்கொள்ளும். கடைசியாகப் போவது கழற்ற வேண்டும். இதில் 'கடைசியாக' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். முந்தின நாள் எந்தெந்த அறைகள் போயின என்று பலகையைப் பார்த்துத் தொகுத்து முதலாளிக்கு அனுப்புவது அதன் வேலை. முடித்ததும் பலகையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போகும்படி எழுதியிருந்தேன். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. அது முதல் தடவை ஓடிய நாள் கிருத்திகை. பழனியில் பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்கிக்கொண்டிருக்க, லாட்ஜ் லாட்ஜாகத் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த அறை காலி, எதில் ஆள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு குடும்பம் மொட்டையடித்துச் சந்தனம் பூசித் திரும்பி வந்து கதவைத் திறந்தால், உள்ளே இன்னொரு குடும்பம் மொட்டையடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அக்கா என் மேசைக்கு வந்தார்.

"ஏலே, நீ போறதுன்னா போ. போறப்ப ஏன் விளக்கை அணைச்சுட்டுப் போற? உள்ள ஆளு இருக்குல்ல?"

"எங்கம்மா அப்படித்தான்க்கா வளத்துச்சு. ரூமை விட்டு வெளிய வந்தா லைட்டை அமத்திட்டு வரணும்னு."

"வீட்டுல நீ ஒத்தப் பிள்ளையா?"

"ஆமாக்கா."

"தெரியுது."

அன்று சாயங்காலத்துக்குள் சட்டம் வந்துவிட்டது. பலகையைப் பார்க்க வருகிற எந்த நிரலும் முதலில் "வந்தேன்" என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் "கிளம்புறேன்" என்று சொல்ல வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று பலகையே எண்ணி வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தால் பலகை தானாகவே கழன்றுகொள்ளும். யாரும் கையால் கழற்றத் தேவையில்லை. கழற்ற யாருக்கும் உரிமையும் இல்லை. இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சும்மா எட்டிப் பாக்குறவனுமாக்கா வந்தேன்னு சொல்லணும்?" என்று கேட்டேன்.

"ஆமா. அவன் எட்டிப் பாக்குற நேரத்துல பலகை கழண்டுச்சுன்னா தலை உள்ள மாட்டிக்கும்ல?"

"அப்ப பேரும் கேட்டு வச்சுக்கலாமேக்கா."

"எதுக்கு? அப்புறம் ஆதார் கார்டும் கேப்பியா? தலைய எண்ணுனாப் போதும்."

இதில் ஓர் ஓட்டை இருந்தது. மின்சாரம் போய்ப் பொசுக்கென்று செத்துப்போகிற சர்வர் "கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டா சாகும்? அது செத்த பிறகும் உள்ளே இருப்பதாகவே கணக்கு நிற்கும். அதற்காக, உள்ளே இருப்பவர்கள் விட்டு விட்டு "இருக்கேன், இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. குரல் நின்று கொஞ்ச நேரம் ஆனால் ஆளைக் கணக்கிலிருந்து அடித்துவிடலாம். உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உலகத்தில் யாரும் அக்கா அளவுக்குக் காத்திருப்பதில்லை. "குரல் வரலைன்னா செத்துட்டான்னு அர்த்தமா? லைன் கிடைக்காம இருக்கலாம்ல? இன்னும் செத்த பொறுப்போம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கொஞ்ச நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்.

மனிதர்களுக்கும் இதே சட்டம்தான். எனக்கு ஒரு தடவை காய்ச்சல். வீட்டில் படுத்திருந்தேன். காலையில் போன்: "இருக்கியா?" இருக்கேன்க்கா. டீ நேரத்தில் போன்: "இருக்கியா?" மத்தியானம் நான் தூங்கிவிட்டதால் அம்மா எடுத்தார்.

"இருக்கானா?"

"இருக்கான், இருக்கான். இப்படியே கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா இல்லாமப் போயிருவான்" என்று அம்மா போனை வைத்துவிட்டார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்பது உறுதியாகிவிட்டது, அதுபோதும் அவருக்கு. மறுநாள் அம்மாவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, அந்தப் பிள்ள இன்னும் கேக்கலை?" என்றார். அவரையும் கெடுத்தாயிற்று.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வந்தேன். பழனியில் நடந்த இன்னொன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். திரை ஓர் அறையில் ஆள் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் அறை காலி என்று ஒரு லாட்ஜிலிருந்து புகார் வந்தது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர் கொக்கியில் தொங்கிய சாவியைக் காட்டினார்.

"ஏனுங்க மேடம், சாவி இங்கதானுங்க தொங்குது. அப்புறம் எப்படிங்க ஆளிருக்கும்?"

"கதவைத் தட்டுனீங்களா?"

"சாவி இங்க இருக்கையில எதுக்குங்க தட்டோணும்?"

அக்கா மாடியேறிப் போய்த் தட்டினார். ஒரு பெரியவர் ஈரத் துண்டோடு கதவைத் திறந்து, "காபியா? அங்கியே வச்சுட்டுப் போ" என்றார். மலையிலிருந்து இறங்கி வருகிற சம்சாரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று சாவியைக் கீழே கொடுத்துவிட்டு, தான் மட்டும் மேலே வந்து உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மேனேஜருக்கு முகம் சிறுத்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று பஸ் ஏறினோம். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மத்த ரூமையும் தட்டிப் பாத்திருக்கணுமோ?"

"அவ்வளவு கதவையுமாக்கா?"

"சாவி தொங்குற எல்லாத்தையும்."

ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டார். "நீ போ. நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன்." எதிர்ப்பக்கம் வந்த பழனி பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு ஓடினார். நான் திண்டுக்கல் வரை தூங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் கேட்டபோது, தொங்கிய எல்லாச் சாவிக்கும் அறை காலியாகத்தான் இருந்தது என்று சொன்னார். சந்தோஷமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அத்தனை கதவையும் தட்டியும் அவருக்கு நிம்மதி கிடைத்திருக்கவில்லை.

அவர் மஸ்கட் போகிற செய்தி வந்தபோது முதலாளியும் பழைய மென்பொருளை மூடும் முடிவில் இருந்தார். புதிதாக ஒன்றை வாங்கியிருந்தார். லாட்ஜுகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுவது, எல்லோரும் மாறியதும் பழைய பலகையைக் கழற்றிவிடுவது. "அந்தப் பலகைய நீங்கதான் மாட்டுனீங்க. நீங்களே கழட்டிக் கொடுத்துட்டுப் போயிருங்கம்மா" என்றார். பங்குனி உத்திரக் கூட்டம் வடிந்ததும் வேலை ஆரம்பித்தது. உள்ளே எத்தனை பேர் பாக்கி என்று உடனுக்குடன் காட்ட அக்கா தன் லேப்டாப்பில் ஒரு சின்ன ஜன்னல் செய்து திறந்து வைத்துக்கொண்டார். அதை மூடவே மாட்டார். லேப்டாப்பை அணைக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போய், அணைக்காமலே கொண்டு வருவார். லாட்ஜுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. மண்டபங்களும் கிளம்பின. எண் இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றது.

நின்றது நின்றதுதான்.

செத்துப்போன சர்வராக இருக்கும் என்று நான் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார். செத்ததாக இருந்தால் குரல் வராது. இது தவறாமல் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. உயிரோடு யாரோ ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் என்றுதான் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு லாட்ஜாகப் போன் போட்டார். எல்லோரும் மாறிவிட்டோம் என்றார்கள். மறுபடியும் போட்டார். "ஏனுங்க மேடம், அன்னைக்கே சொல்லிட்டமுங்களே" என்றார்கள்.

விமான டிக்கெட்டை ஒரு தடவை தள்ளிப்போட்டார். பிறகு இன்னொரு தடவை. மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் கூப்பிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கண்ணை அந்த எண்மேலேயே வைத்துக்கொண்டு அக்கா பேசுவார். நாங்கள் காது கொடுக்காதவர்கள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம்.

"எப்பம்மா வர்ற?"

"உள்ள ஒரே ஒரு ஆளு பாக்கி இருக்காங்கம்மா. அவங்க கிளம்புனதும் வந்துருவேன்."

"அவங்களுக்கு வீடு இல்லையா?"

"அத்தா சாப்பாடு கட்டிக் கொடுத்தாங்களா?" என்று அக்கா அவள் அப்பா பக்கம் பேச்சை மாற்றினார்.

முதலாளி பொறுமையிழந்தார். "ஒத்தை ஆளுக்காக எத்தனை நாளும்மா? அமத்திட்டுப் போங்க. கத்துனா அப்பப் பாத்துக்கலாம்."

"சார், அந்த ஒத்தை ஆளு ஒரு லாட்ஜா இருந்தா? குழந்தை குட்டியோட பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கதவைத் திறப்பாங்க, உள்ள வேற குடும்பம் இருக்கும். கிருத்திகை அன்னைக்குப் பாத்தோம்ல?"

கிருத்திகை என்ற சொல் வந்தாலே நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவேன்.

கடைசியில் எரியோடு என்ற பக்கத்து ஊரில் மண்டபம் ஒன்றின்மேல் சந்தேகம் விழுந்தது. அங்கே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மண்டபத்து மேனேஜர் வாசலிலேயே எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. என்ன அப்பு, கல்யாணமா, காதுகுத்தா?"

"கருமாதிண்ணே."

"அய்யய்யோ, யாருக்கு?"

"ஒரு பலகைக்கு."

அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டுவிட்டு விவரம் சொன்னார். மேனேஜர் சாமான் அறையைத் திறந்து காட்டினார். உடைந்த நாற்காலிகளுக்கும் பூக்கூடைகளுக்கும் நடுவே அந்தக் கம்ப்யூட்டர் கிடந்தது. மின்சார வயரே இல்லை. யாரோ மிக்சிக்கு வேண்டும் என்று உருவிக்கொண்டு போயிருந்தார்கள். அக்கா குனிந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் தலையில் புறங்கையை வைத்தார்.

"சில்லுன்னு இருக்கு."

"அதுக்கு உசுரு போயி ரொம்ப நாளாச்சும்மா. நான் இப்ப எல்லாம் போன்லதான பாக்குறேன்" என்றார் மேனேஜர்.

திரும்பி வருகிற வழியில் ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தினேன். அக்கா இளநீரைக் கையில் வாங்கிக் குடிக்காமல் நின்றார்.

"நான் ரொம்பப் பண்றேனோ?"

"இல்லக்கா. இன்னும் அந்த நாற்காலிக்கெல்லாம் காய்ச்சல் பாக்கலையே."

சிரிக்கவில்லை. "சனிக்கிழமை டிக்கெட்டு இருக்கு. அதையும் தள்ளிப் போடணும்போல. அவ இப்பெல்லாம் எப்ப வர்றேன்னு கேக்குறதே இல்ல. இன்னைக்கு என்ன சாப்பிட்டேன், என்ன வீட்டுப்பாடம்னு மட்டும் சொல்றா. பெரிய மனுசி மாதிரி."

எனக்கு எந்த நேரத்திலும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அப்போது நான் என் இளநீரில் ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இளநீர்க்காரர்தான், "குடிங்கம்மா, சூடாயிரும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் அக்கா தொழுகைக்கு எழுந்தார். உள்ளறைக்குப் போகும் முன்பு என்னிடம், "நான் வர்ற வரைக்கும் உன் மெஷின்ல அந்த ஜன்னலைத் திறந்து பாத்துக்க. அவங்க கிளம்புனா உடனே சொல்லு" என்றார். அதுவரை அந்த ஜன்னலை அவரைத் தவிர யாரும் திறந்ததில்லை. நம்பி ஒரு பொறுப்பு வந்திருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்து திறந்தேன். இரண்டு என்று காட்டியது.

ஒன்றாக இருந்தது என் கைக்கு வந்ததும் இரண்டாகிவிட்டது. என் ராசியை நினைத்துக்கொண்டு ஜன்னலை மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அக்கா திரும்பி வந்தார்.

"எத்தனை?"

"ரெண்டுக்கா."

"ரெண்டா?" பாய்ந்து வந்து தன் லேப்டாப்பைப் பார்த்தார். "ஒண்ணுதானடா இருக்கு?"

நான் என்னுடையதைத் திறந்தேன். இரண்டு. அக்காவுடையதும் இரண்டு ஆகிவிட்டது. மூடினேன். ஒன்று. திறந்தேன். இரண்டு. சின்னப் பிள்ளை சுவிட்சைப் போட்டு அணைத்து விளையாடுவதுபோல் மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தேன். எனக்கு விஷயம் புரியவில்லை. எண் மாறுவது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். தற்செயலாக நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் கை நின்றது.

எட்டிப் பார்க்கிறவனும் வந்தேன் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்த ஜன்னலையும் சட்டப்படிதான் எழுதியிருந்தார். நான் எட்டிப் பார்த்தால் நான் ஒரு ஆள். அவர் எட்டிப் பார்த்தால் அவர் ஒரு ஆள்.

"நான்தானா?" என்றார் அக்கா. "இத்தனை நாளா உள்ள இருந்தது நான்தானா?"

முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார், நிலைமையைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார்.

"இதை மூடிட்டா சைபர் ஆயிரும்ல?"

"ஆயிரும்க்கா."

"ஆச்சான்னு எப்படிப் பாக்குறது?"

அதுதான் முடியாத காரியம். பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் முதலில் வந்த ஆள் என்று கணக்காகிப் பலகை புதிதாக மாட்டிக்கொள்ளும். எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்று என்றுதான் காட்டும். பார்க்கிறவரே அந்த ஒன்று. சர்வர் வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரர்கள், ஒரு நாள் முழுக்க யாரும் தொடவில்லை என்றால் இடம் காலி என்று தாங்களாகவே மெயில் அனுப்புவார்கள். அதுவரை யாரும் தொடாமல் இருக்க வேண்டும்.

"பாக்காமலா போறது?"

"பாக்காமத்தான்க்கா போகணும்."

"வேற யாராவது உள்ள இருந்துட்டாங்கன்னா?"

"ஒண்ணுல உங்களைக் கழிச்சா யாருக்கா மிச்சம்? நான் கணக்குல வீக்கு. நீங்களே சொல்லுங்க."

அக்காவின் விரல் ஜன்னலை மூடுகிற பொத்தானுக்கு மேலே போவதும் திரும்புவதுமாக இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாரே, அதே முகம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எனக்குத் தாங்கவில்லை. நானே அமுக்கிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நான் மூடி வைத்த பலகையின் கதை ஊருக்கே தெரியும் என்பதால் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. மஸ்கட்டில் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். அக்கா எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, இன்னைக்கு அத்தா லெமன் சாதம் செஞ்சாங்க. அதுல லெமனே போடலை."

எப்போதும் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் இந்தத் தடவை போனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார். ஜன்னல் மூடியது. லேப்டாப்பை முழுசாக அணைத்து, மூடி, என் பக்கம் தள்ளிவிட்டார்.

"உள்ள இருந்த ஆளு கிளம்பியாச்சும்மா" என்றார்.

"நிசமாவா? யாரும்மா அது?"

"உனக்குத் தெரிஞ்ச பொம்பளதான். சனிக்கிழமை மஸ்கட் வர்றா. அத்தாவோட ஏர்போர்ட்டுக்கு வந்து பாரு."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "போன தடவையும் இப்படித்தான் சொன்ன" என்றாள்.

அக்கா போனை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். நான் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், திரும்பி வந்து பிடுங்கிக்கொள்வார் என்ற பயத்தில். வரவில்லை. போனை முழங்காலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் செருப்பை அழுத்தி வைத்து இறங்க ஆரம்பித்தார். கீழே உதிரிபாகக் கடைக்காரர் யாரோ விழுகிறார்கள் என்று தலையை வெளியே நீட்டினார்.

"சத்தம் கேக்குதா?" என்று அக்கா குனிந்து போனிடம் கேட்டார். "கேக்குதாடி? இறங்கிக்கிட்டு இருக்கேன்."